பெட்டியடியில் கிடக்கும் பிலிம்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் பழைய உறை ஒன்றைக் கொணர்ந்து, "இவற்றைக் கணினியில் ஏற்ற எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" என்று வினவினார். உறையைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் பிலிம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையத் தொடங்கினால் எழும் நெடி அது. தொடங்கிய சிதைவை மீட்க இயலாது, தாமதப்படுத்தவே கூடும். உறையில் இருந்தவை அவருடைய தாயாரின் திருமணத்தில் மாமா எடுத்த நெகடிவ்கள். அச்சிட்ட படங்களோ, ஊர் ஊராக வீடு மாற்றியதில் எங்கோ போய்விட்டன.

ஆகவே, எக்கருவி சிறந்தது என்னும் ஆராய்ச்சியிலேயே ஓராண்டைக் கழித்துவிடாதீர்கள். ஆயினும் பிலிமின் அளவைப் பாராமல் வாங்கிவிடவும் வேண்டா. நாம் அப்படித்தான் ஏமாந்தோம். மலிவாகக் கிடைத்ததே என்று சிறு பெட்டி போன்ற கருவி ஒன்றை வாங்கினோம். அது 36க்கு 24 மில்லிமீட்டர் படத்திற்கு மட்டுமே உரியது. நம் பாட்டனார் எடுத்தவையோ அக்பா கிளிக் 3 காமிராவில், சுருளுக்கு 12 சதுரப் படங்கள். பிலிம் உள்ளே நுழையவே இல்லை. இல்லத்தரசியார் சொன்னதை இங்கு எழுதுவதற்கில்லை.

பெரும்பாலான வீடுகளில் இருவகைப் பிலிமும் கலந்தே கிடக்கும். அவர்களுக்கு மூடியிலும் விளக்குள்ள தட்டை ஸ்கேனரே ஏற்றது. எப்சன் வி600 இவ்வினத்தது. மூடியில் விளக்கில்லாத அலுவலக ஸ்கேனர் இதற்கு உதவாது. 35 மில்லிமீட்டர் மட்டுமே உள்ளவர்கள் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போன்ற தனிக்கருவியை நாடலாம். தெளிவு மிகுதி; ஆனால் ஒவ்வொரு படமாகக் கையால் நகர்த்தவேண்டும். நூற்றுக்கணக்கில் வைத்திருப்போர்க்குப் பொறுமை வேண்டும்.

பெட்டியின்மேல் அங்குலத்திற்கு 6400 புள்ளி என்று அச்சிட்டிருக்கும். தட்டை ஸ்கேனரில் உண்மையான தெளிவு அதைவிட மிகக் குறைவே. 2400 வைத்தாலே 35 மில்லிமீட்டர் படத்தில் சுமார் 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். 11 அங்குல அகலத்திற்கு நன்றாக அச்சிடலாம்.

அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டு நீக்கும் வசதிக்கென அதிக விலை சொல்வார்கள். வண்ண நெகடிவுக்கு அது நற்பயன் தரும். கறுப்பு வெள்ளைக்கு உதவாது. வெள்ளிப் படலம் அவ்வொளியையும் மறைத்துவிடும். அதற்குக் காற்றூதும் ரப்பர்க் குமிழே போதும். வேட்டி முனையால் துடைக்கவேண்டா. நாம் துடைத்தோம், பாட்டியின் கன்னத்தில் ஒரு கோடு நிலைத்துவிட்டது.

ஏற்றியபின் இரு வேறிடங்களில் பிரதி வையுங்கள். நெகடிவை எறியாதீர்கள். காடி நெடி வீசுவதை மட்டும் பிரித்து வையுங்கள். அதன் ஆவி மற்றவற்றையும் கெடுக்கும்.

அன்பரின் 9 நெகடிவ்களை இரவல் ஸ்கேனரில் ஏற்றினோம். 2 சுருண்டுபோய்ப் படியவில்லை. 7 தேறின. ஒன்றில், மணையில் அமர்ந்த தாயாரின் பின்னே பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி நிற்கிறாள். அன்பருக்கு அடையாளம் தெரியவில்லை. ஊரிலுள்ள மாமாவுக்கு அனுப்பிக் கேட்டார். அவர் பிறக்குமுன்னரே மறைந்த சித்தியாம்; வேறு படமே கிடையாதாம்.