டெர்மின் கிடைக்கும்வரை: ஜெர்மனியில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

நாங்கள் பதினான்கு பேர். மதுரை, தருமபுரி, நாகர்கோவில், ஆவடி, சிவகங்கை என்று ஊர்கள் வேறு. இங்கே கிழக்கு ஜெர்மனியில் ஒரே பல்கலைக்கழக நகரம், ஒரே மாணவர் விடுதி, நான்காவது மாடியில் ஒரே சமையலறை. நீர் மேலாண்மை, இயந்திரவியல், கணினி, பொருளறிவியல் என்று முதுநிலைப் படிப்புகளில் இருக்கிறோம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் இந்த நாட்டில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்தான் முதலிடம். அந்தப் பெரிய கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் எங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: படிக்க வந்த நாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் படிப்புதான், அதற்கு வழி விடுங்கள்.

“ஊர் சுற்றப் போனியா, படிக்கப் போனியா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். இங்கே அலுவலகக் கவுண்டரிலும் அதையேதான் மரியாதையான சொற்களில் கேட்கிறார்கள். எங்கள் பதில் இது. 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் எல்பே ஆறு டிரெஸ்டனில் 9.40 மீட்டர் உயர்ந்தது என்று வகுப்பில் ஒரு வரைபடம் காட்டினார்கள். குறித்துக்கொண்டோம், தேர்வில் எழுதினோம், மறந்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை பிர்னாவுக்குப் போனோம். அங்கே வீட்டுச் சுவர்களில் வெள்ளம் தொட்ட உயரத்தைக் கோடு போட்டு, ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாகர்கோவில்காரர் ஒரு கோட்டின் அடியில் நின்று கையை உயர்த்திப் பார்த்தார். ஒக்கிப் புயல் வந்த ஆண்டு தன் ஊரில் யாராவது இப்படி ஒரு கோடு போட்டார்களா என்று யோசித்தபடியே திரும்பினார். அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு அந்தச் சுவரில் கிடைத்தது.

முதல் கோரிக்கை வெளிநாட்டவர் அலுவலகங்களுக்கு. இந்தச் சாசனத்தில் பாதி இதுவேதான். மற்றவற்றை நிராகரித்தாலும் இதை நிராகரிக்காதீர்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு வந்து இறங்குகிறோம். அது காலாவதியாவதற்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு டெர்மின் வேண்டும். டெர்மின் என்றால் அலுவலகத்தில் நமக்கென ஒதுக்கப்படும் நேரம். ‘குட்டன் டாக்’குக்கு அடுத்தபடியாக நாங்கள் கற்ற ஜெர்மன் சொல் அதுதான். ‘சாப்டாச்சா’ என்று கேட்ட காலம் போய், ‘டெர்மின் கிடைச்சுதா’ என்றுதான் இப்போது ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். காலை எட்டு மணிக்கு இணையதளத்தைத் திறந்தால் இடமில்லை. எட்டு மணி ஒரு நிமிடத்துக்கும் இல்லை. எங்களில் ஒருவருக்கு ஐந்து மாதம் ஆனது, இன்னொருவருக்கு ஏழு. போய்க் கைரேகை கொடுத்த பிறகு, அட்டை பெர்லினில் அச்சாகி வர இன்னும் பல வாரம்.

இடைக்காலத்துக்கு ஒரு மடிப்புத் தாள் தருகிறார்கள். ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்பது அதன் பெயர். முன்பாதிக்குப் புனைவு என்று பொருள். உங்கள் அனுமதி இன்னும் உயிரோடு இருப்பதாகச் சட்டம் பாவித்துக்கொள்கிறது. எங்களில் கதை எழுதும் ஒருவர், இப்படி ஒரு தலைப்பு தனக்கு வாய்க்கவில்லையே என்று பொருமுகிறார். அந்தத் தாளில் குறியிடக் கட்டங்கள் உண்டு. குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆவது உட்பிரிவுக்கு எதிரே குறி இருந்தால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பலாம். 3-ஆவதற்கு எதிரே இருந்தால் போகலாம், அந்தத் தாளைக் காட்டித் திரும்ப முடியாது. ஒரு மாணவரின் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரு சின்னக் கட்டத்துக்குள், வக்கீல்களுக்கு மட்டுமே புரியும் ஜெர்மனில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

சிவகங்கைத் தோழியின் அப்பத்தா ஒரு ஜனவரியில் இறந்தார். பெற்றோர் இருவரும் திருப்பூரில் வேலை பார்த்ததால் தோழியை வளர்த்ததே அப்பத்தாதான். தோழியின் தாளில் குறி 4-ஆவது உட்பிரிவில் இருந்தது. அதன் பொருளைச் சொல்ல அன்றைக்கு யாருமில்லை. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டார், தொலைபேசியில் நாற்பது நிமிடம் இசை கேட்டார். ஊரிலிருந்த விசா முகவர், “ரிஸ்க் எடுக்காதம்மா, படிப்பே போயிடும்” என்றார். சித்தப்பா மகன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பந்தலையும் நீர்மாலையையும் விடுதி அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்தார். பாடையைத் தூக்கும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: தாங்கள் பயணம் செய்யத் தடையில்லை.

ஆகவே கோருகிறோம். விண்ணப்பம் வந்த மூன்று வாரத்துக்குள் டெர்மின் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் இடைக்காலத் தாளைக் கேளாமலே அனுப்புங்கள். அதன் முதல் வரியில், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும், ‘இவர் வெளியே போய்த் திரும்பலாம்’ அல்லது ‘திரும்ப முடியாது’ என்று எழுதுங்கள். இழவுக்கும் கடும் நோய்க்கும் அன்றன்றே பதில் சொல்ல ஒரு மேசையும் அதில் ஓர் ஆளும் வையுங்கள். பணம் கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை. ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதைப் புரியும்படி எழுதித் தரச் சொல்கிறோம்.

இதை எழுதும்போதே ஒரு கூச்சமும் இருக்கிறது. சென்ற ஆனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனோம். எங்கள் பயணச்சீட்டில் வட்டார ரயில்களில் மட்டுமே ஏறலாம் என்பதால் விடிய விடிய ஐந்து ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய அந்தக் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம், காவடி போகும் தெருவில் ஒதுங்கி நிற்கும் லாரிகள். அன்னதான வரிசையில் ஒரு பெரியவர் பேச்சுக்கொடுத்தார். டெர்மின் கதையைச் சொன்னோம். சிரித்தார்.

“பிள்ளையள், நாங்கள் வந்த புதுசில அடுத்த டவுனுக்குப் போறதெண்டாலும் கடிதம் வேணும். கடிதம் இல்லாமல் பொலிஸிட்டப் பிடிபட்டால் தண்டம். என்ர தம்பி முப்பது கிலோமீற்றர் தள்ளித்தான் இருந்தவன். அவன்ர கலியாணத்துக்கே நான் போகேல்லை.”

தஞ்சம் கேட்டு வந்தவர்கள் தங்கள் வட்டாரத்தைத் தாண்டக் கூடாது என்பது 1982-லிருந்து இந்த நாட்டின் சட்டத்தில் இருந்தது. பிற்காலத்தில் அது தளர்த்தப்பட்டாலும் முழுக்கப் போய்விடவில்லை. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், ஊருக்குத் திரும்ப வீடு உள்ளவர்கள். அவர் வந்த வழி வேறு. எங்கள் தாளையும் அவர் காலத்துக் கடிதத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம். ஆனால் அந்த அலுவலகத்தின் தாழ்வாரத்தில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இன்றும் சிரியாக்காரர்களும் எரித்ரியாக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் கோரிக்கையில் ‘மாணவர்’ என்று வரும் இடத்தில் எல்லாம் அவர்களையும் சேர்த்து வாசியுங்கள்.

அடுத்தது மாணவர் விடுதிகளை நடத்துவோருக்கு. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து வரமிளகாய் போட்டால் புகை வரும். அது தீவிபத்தல்ல, தாளிப்பு. சென்ற குளிர்காலத்தில் ஒரு ரசத்துக்காக நான்கு மாடியும் பனியில் இறங்கி நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசம் அணிந்த வீரர் சட்டியை எட்டிப் பார்த்து, வாசனை நன்றாக இருக்கிறது என்றார். பில் பிறகு வந்தது. அதற்கடுத்த வாரம் ‘காரமான சமையல் தவிர்க்கவும்’ என்று ஒட்டினார்கள். காரத்துக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சி மாட்டுங்கள். சமையலறையில் புகையை அல்லாமல் வெப்பத்தை உணரும் கருவி வையுங்கள். குக்கர் விசிலைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை அமைதி நேரத்தில் வைக்க மாட்டோம் என்று எங்கள் தரப்பில் உறுதி தருகிறோம்.

பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு: எங்களைக் கடை விரிக்கச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கொரு கலாசார மாலையில் ‘இந்தியா’ என்ற மேசையைத் தந்து, பட்டர் சிக்கனும் இந்திப் பாட்டும் கேட்கிறீர்கள். எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டின் மொழியே தெரியாது. நீங்கள் சுவைத்துவிட்டுப் போகிறீர்கள், நாங்கள் பாத்திரம் கழுவுகிறோம். இதில் யாரும் யாரையும் அறிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக டிசம்பர் 24-ஐ யோசித்துப் பாருங்கள். மதியத்தோடு கடைகள் அடைத்துவிடும், பல்கலைக்கழக உணவகமான மென்சா மூடியிருக்கும், விடுதியில் எங்களைத் தவிர ஆளிருக்காது. அன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு நாற்காலி போதும். பொங்கலன்று நாங்கள் உங்களை அழைக்கிறோம். அந்த நாள் பெரும்பாலும் பாடநாட்களில்தான் வருகிறது, அன்று அரைநாள் வருகையில் தளர்வு கொடுங்கள்.

அதே அலுவலகம் இலவசச் சுற்றுலா என்று வருடா வருடம் அழைத்துப்போவது மதுக்கூடமும் கோட்டையும். கோட்டைகள் அழகுதான். ஆனால் எங்களுக்கு ரயிலில் எட்டும் தூரத்தில் ஹாலே இருக்கிறது. 1698-இல் தொடங்கிய பிராங்கே அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்பதை எங்களுக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை. ஹம் கோயில் பெரியவர்தான் சொன்னார். ஹாலேயில் படித்த சீகன்பால்கு என்ற மறைபணியாளர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இங்கிருந்து அங்கே போன அயல்நாட்டு மாணவர் என்றுதான் அவரை நாங்கள் பார்க்கிறோம். போன நோக்கம் வேறு என்பது தெரியும். அலுவலகத் தொல்லை அவருக்கும் இருந்தது: அங்கிருந்த டேனிஷ் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த நூலை அச்சிட ஹாலே மறுத்தது. அது 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. மாணவன் கண்டு எழுதியதை ஊர் ஏற்கத் தயாராக இல்லாத கதை இது. இதைவிட நல்ல பாடம் எந்தக் கோட்டையில் கிடைக்கும்? ஆண்டுக்கு ஒரு பேருந்து ஹாலேக்குப் போகட்டும். ஜெர்மன் மாணவர்களும் ஏறட்டும்.

போக்குவரத்துத் துறைக்குச் சுருக்கமாக. மாணவர்களுக்கான நாடு தழுவிய பருவச்சீட்டு 2024 கோடைப் பருவத்தில் மாதம் 29.40 யூரோவாக இருந்தது. பொதுச் சீட்டின் விலையில் அறுபது விழுக்காடு என்பது கணக்கு. பொதுச் சீட்டு 49 யூரோவிலிருந்து 2025-இல் 58 ஆனதும் எங்களுடையதும் கூடவே ஏறியது. இந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். எல்லைப் பேருந்துகளில் சோதனை போடும் காவலர்களுக்கும் ஒன்று: 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை என்று அறிவித்தீர்கள், சரி. பிராகாவிலிருந்து வரும் பேருந்தில் நாற்பது பேரில் எங்கள் வரிசையை மட்டும் எழுப்பாதீர்கள். எல்லாரிடமும் கேளுங்கள், நாங்களும் எடுத்துக் காட்டுகிறோம்.

பணத்தைப் பற்றி. விசாவுக்காக ஓராண்டுச் செலவு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கி வைக்கிறோம், மாதம் 992 விடுவிக்கிறார்கள். ஊரில் அது வயல் அடமானம், அம்மாவின் நகை. அதைக் கையில் வாங்க இங்கே வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு முகவரிப் பதிவு கேட்கிறார்கள், பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து, கையெழுத்துக்கு முன்பணம். முன்பணம் முடங்கிய கணக்கில் இருக்கிறது. முதல் மாதத் தொகையையாவது வந்திறங்கிய அன்றே தாருங்கள்.

சென்னை, கோவை, திருச்சி கல்வி ஆலோசகர்களுக்கு எங்கள் கோரிக்கை கொஞ்சம் காட்டமானது. சுவரில் ஒட்டிய அரண்மனைப் படத்தைக் கழற்றுங்கள். பகுதிநேர வேலையிலேயே எல்லாச் செலவும் போய்விடும் என்று பெற்றோரிடம் சொல்வதை நிறுத்துங்கள். ஆண்டுக்கு 140 முழுநாள்தான் அனுமதி, அந்த வேலையும் ஜெர்மன் தெரிந்தவருக்குத்தான் முதலில். ‘இங்கிலீஷ் மீடியம் கோர்ஸ்’ என்கிறீர்கள். வகுப்பறைதான் இங்கிலீஷ் மீடியம். மருத்துவர், வீட்டுக்காரர், பேக்கரி, அலுவலகக் கடிதம் எல்லாம் ஜெர்மன் மீடியம். ஜெர்மன் மொழியை பி1 நிலை வரையாவது படிக்க வைத்து அனுப்புங்கள். தமிழருக்கு அது அவ்வளவு கடினமும் இல்லை. நீ, நீங்கள் என்று வளர்ந்தவர்களுக்கு ‘டூ’வும் ‘ஸீ’யும் முதல் நாளிலேயே பிடிபட்டுவிடும்.

எங்களுக்கு நாங்களே வைக்கும் கோரிக்கையையும் மறைக்கவில்லை. வந்து இரண்டாண்டு ஆகியும் ஒரு ஜெர்மன் வீட்டு வாசற்படி ஏறாதவர்கள் எங்களில் ஐவர். குற்றம் முழுக்க அவர்களுடையது அல்ல. வெள்ளிக்கிழமை ஆனால் பிரியாணி, சனி கிரிக்கெட், ஞாயிறு ஊருக்குப் போன். சிலர் அறை பங்கிடும்போது இங்கேயும் சாதி விசாரிக்கிறார்கள். விமானத்தில் அதற்கு எடை போடுவதில்லை போலும். அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு எங்கள் சமையலறையில் இனி இடமில்லை என்று முடிவு செய்து, பதினான்கு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இந்தச் சாசனத்தின் ஜெர்மன் வடிவத்தைத் தோழியர் இருவர் எழுதி முடித்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்திலும் விடுதி அலுவலகத்திலும் கொடுத்தாயிற்று. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரில் கொடுக்க டெர்மின் கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. அது கிடைத்தால் ஹம் பெரியவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ரயில் சீட்டு நாங்கள் எடுக்கிறோம்.