கைபேசி தரும் ஆறுதல்

லோயர் கேம்பிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வது, புற்றுநோய் முற்றியவருக்குப் பெரும் வேதனை. வீட்டில் படுத்தபடியே மூச்சைக் கவனித்து மனத்தை அமைதிப்படுத்தக் கற்றுத்தரும் செயலிகள் இன்று கைபேசியில் வந்துள்ளன. நல்லதே! அச்சமும் கவலையும் ஓரளவு தணியலாம். ஆனால், வலியால் துடிப்பவரிடம் 'மூச்சைக் கவனி' என்பது முறையாகுமா? முதலில் மார்ஃபின் போன்ற வலி மருந்து, பிறகே தியானம்!

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், செவிலியர் வீடு தேடி வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை அளிக்கின்றனர். அத்துடன் இச்செயலியும் சேர்ந்தால் பலன் பெருகும். எனினும், ஏலத்தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பாட்டிக்கு ஆங்கிலக் குரல் ஆறுதலாகுமா? நம் வட்டாரத் தமிழில் அதைப் பேசித்தர மாணவர்களாகிய நாம் முன்வருவோம். கைபேசியைக் கொடுத்துவிட்டு நகராமல், அருகிலமர்ந்து அவர் கையையும் பற்றுவோம்!