திறவுகோல் இல்லாத வீடு

அம்பகமுவ பிரதேச சபை 2018 தேர்தலோடு அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாகியது. சபை பிரிந்தால் இணைய முகவரியும் பிரிய வேண்டாமா? ‘டொட் இலங்கை’ என்னும் தமிழ் டொமைன் 2010 இலேயே நமக்குக் கிடைத்துவிட்டது. அதன் கீழ் அரசு ஒரு பெயரை வைத்திருந்தால் போதும். சபைக்கொன்றாக உப டொமைன் அமைக்கப் புதிய பதிவு தேவையில்லை. பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி சேர்ப்பதே வேலை. செலவைக் காட்டித் தட்டிக்கழிப்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. உப டொமைனின் கடிவாளம் மேல் டொமைனை வைத்திருப்பவர் கையில்தான். லயத்துக்கு வந்த கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தேங்கிய கதை மலையகத்துக்குப் புதிதல்ல. ஆகவே பெயரோடு, பக்கத்தைத் தமிழில் எழுதி நிர்வகிக்கும் உரிமையையும் சபைக்கே கொடுங்கள். திறவுகோல் இல்லாத வீடு எவருக்கு வேண்டும்?