தரகரின் பதிவு எண் எங்கே?

நாவலூரில், பழைய மாமல்லபுரம் சாலையோரம், வீட்டுத் தரகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சிலும் இருக்கிறார்; குளிர்சாதன அறையிலும் இருக்கிறார். சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த இளைஞர் இருபதாண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வது இவர்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான்.

அந்த வாய்ச்சொல்லுக்கு 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. பதிவுக்குரிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் தரகு செய்கிறவர் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பம், புகைப்படம், பான் அட்டை, முகவரிச் சான்று, கட்டணம். பதிவு ஐந்தாண்டு செல்லும். முடித்துத்தரும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்றுத்தரக் கூடாது. பதியாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை அல்லது வீட்டு விலையில் 5 சதவீதம் வரை அபராதம்.

பழைய வீட்டைக் கைமாற்றிவிடுகிற, வாடகைக்கு வீடு பிடித்துத்தருகிற சிறு தரகரை இந்தச் சட்டம் தொடவில்லை. அவரை மிரட்டக் கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறோம்.

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை. பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா என்று அது தரகரைக் கேட்பதில்லை. மகாராஷ்டிரத்தில் 2023-ல் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின. இங்கும் அத்தகைய பயிற்சி, தமிழில், ஏழைத் தரகருக்கும் எட்டும் கட்டணத்தில் நடக்க வேண்டும் என்று சர்க்காரைக் கோருகிறோம்.

வாங்குகிற நண்பர்களே, முன்பணத்தை நீட்டுவதற்கு முன் தரகரின் எண்ணையும் திட்டத்தின் எண்ணையும் கேளுங்கள். இரண்டையும் ஆணையத்தின் இணையதளத்தில் ஒத்துப் பாருங்கள்.