இலுப்பைப்பூ பிஸ்கட்

சமையல் குறிப்புன்னு நினைச்சு உள்ள வந்த மக்களே, குறிப்பும் இருக்கு, நடுவுல கொஞ்சம் புலம்பலும் இருக்கு. பொட்டி தட்டற பயலுக்கு அடுப்படியில என்ன வேலைன்னு கேக்கறவங்க இப்பவே ஜூட் விட்டுடலாம் :-)

போன ஞாயித்துக்கிழமை அக்காவும் அவ பொண்ணும் வந்திருந்தாங்க. குட்டிக்கு ஆறு வயசு. செருப்பைக் கழட்டின கையோட, "மாமா, குக்கி செய்யலாமா?"ன்னு கேட்டுட்டா. எங்க வீட்டுல ஓவன் கிடையாது. வெண்ணெய் இல்ல. சாக்லேட் சிப்ஸ் இல்ல. மைதாவை அம்மா வாசப்படி தாண்ட விடறதில்ல. "ஒண்ணுமில்லாம என்னத்தடா சுடப்போற?"ன்னாங்க அம்மா. நியாயமான கேள்விதான்.

டப்பாவையெல்லாம் திறந்து பார்த்தோம். கோதுமை மாவு, கடலை மாவு, நெய், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய், ஒரு பாக்கெட் கடலைமிட்டாய், பாயசத்துக்கு வாங்கி மீந்த திராட்சை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆரம்பிச்சாச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். எடையில சர்க்கரை ஒரு பங்கு, கொழுப்பு ரெண்டு பங்கு, மாவு மூணு பங்கு. 50 கிராம், 100 கிராம், 150 கிராம். இதுதான் அஸ்திவாரம். இதுல கை வைக்காம மத்ததை எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம். மாவுல 100 கோதுமை, 50 கடலை மாவு போட்டோம். வெண்ணெயில 100 கிராமுக்கு சுமார் 16 கிராம் தண்ணி இருக்கும், நெய்யில கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனால நெய் போட்டா வாயில வச்சதும் மணல் மாதிரி உதிரும். நான்கட்டாய் சாப்பிட்டிருக்கீங்கல்ல, அதே பதம். வெண்ணெய் இல்லாதது குறைன்னு நினைச்சோம், கடைசியில அது வேற ஒரு பிஸ்கட்டா ஆயிடுச்சு, அவ்வளவுதான்.

ஓவனுக்குப் பதிலா அடிகனமான பழைய இரும்பு வாணலி. அடியில அரை கிலோ கல்லுப்பு, மேல ஒரு ஸ்டாண்டு, அதுக்கு மேல தட்டு, இறுக்கமா ஒரு மூடி. பத்து நிமிஷம் சூடு பண்ணிட்டு, தட்டை வச்சு, சின்னத் தீயில இருபது நிமிஷம். எடுக்கும்போது மெத்துனு இருக்கும். வேகலைன்னு நினைச்சு திரும்ப உள்ள வச்சா கருகிடும். ஆறினாத்தான் இறுகும்.

ஒரு எச்சரிக்கை. பேக்கிங் பவுடர் இல்லைன்னு அதே அளவு ஆப்பசோடாவைக் கொட்டாதீங்க. சோடாவுக்கு வீரியம் கிட்டத்தட்ட மூணு மடங்கு, அதோட தயிர் மாதிரி புளிப்பும் சேரணும். பேச்சுலரா ரூம்ல இருந்தப்போ ஒரு தடவை அப்படிக் கொட்டி, துணி சோப்பு ருசியில பன்னிரண்டு பிஸ்கட் சுட்டவன் நான். அவ்வ்வ்வ்...

சரி, விஷயத்துக்கு வர்றேன். குட்டி ஒரு ஆட்டோ செஞ்சா. திராட்சை வச்சு மூணு சக்கரம். அப்புறம் ஒரு யானை, ஒரு பாட்டி (எங்கம்மாதான், கொண்டையோட). சூட்டுல ஆட்டோ பரந்து ஆமை மாதிரி ஆயிடுச்சு. யானைக்குத் தும்பிக்கை உடைஞ்சு போச்சு. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. அக்கா மொபைல்ல ஒரு வீடியோவைக் காட்டி, "மாமா, இதுல இருக்கற மாதிரி வரலையே, நான் தப்பா செஞ்சுட்டேனா?"ன்னு கேட்டா.

அதுதாங்க என் புலம்பல். ஆறு வயசுல, தன் கையால செஞ்ச ஆட்டோவைப் பார்த்து ஒரு குழந்தைக்கு முதல்ல தோணறது "தப்பா?"ங்கறது. அந்த வீடியோவுல எல்லாமே ஒரே வட்டம், ஒரே நிறம். எத்தனை தட்டு குப்பைக்குப் போனதுன்னு அதுல காட்டமாட்டாங்க. அதைப் பார்த்துப் பார்த்து, படத்துல இருக்கற மாதிரி வந்தாத்தான் சரின்னு குழந்தைங்க மட்டுமில்ல, நாமளும் நம்ப ஆரம்பிச்சுட்டோம். ஓவன் வாங்கினப்புறம், அச்சு வாங்கினப்புறம், அந்த சாக்லேட் கிடைச்சப்புறம் செய்யலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கோம். அதுக்குள்ள குட்டிக்குக் கேக்கற வயசு போயிடும்.

அக்கா ஒத்துக்கல. "அதுக்காக எதையாவது கலந்து நெய்யை வீணாக்கச் சொல்றியா? நெய் விலை தெரியுமாடா?"ன்னா. அவ சொல்றதும் சரிதான். இருக்கறதை வச்சு செய்யறதுன்னா கண்ணை மூடிக்கிட்டு கொட்டறது இல்ல. எதை மாத்தக்கூடாதுன்னு தெரிஞ்சவனாலதான் மத்ததை மாத்த முடியும். அமெரிக்காவுல 1930-கள்ல, டோல் ஹவுஸ்ங்கற விடுதியை நடத்தின ரூத் வேக்ஃபீல்டு அம்மாதான் சாக்லேட் சிப் குக்கியைக் கொண்டு வந்தவங்க. உருகிடும்னு நினைச்சு சாக்லேட்டை உடைச்சுப் போட்டாங்க, உருகல, தற்செயலா பொறந்துச்சுன்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு. மனையியல் படிச்சு, சமையல் புத்தகமும் எழுதினவங்களுக்கு அது தெரியாதாம்! நான் நம்பத் தயாரில்ல. அளவு தெரிஞ்ச கைதான் விளையாடும்.

நமக்கு இது புதுசும் இல்ல. முறுக்கு சுத்தும்போது கடைசி உருண்டை மாவை எங்கம்மா எங்க கையில குடுத்துடுவாங்க. பாம்பு, குருவி, இன்னதுன்னே சொல்ல முடியாத ஒண்ணு, எல்லாம் எண்ணெயில விழும். எதையும் தப்புன்னு அவங்க சொன்னதில்ல. "யாருதுடா இது?"ன்னு மட்டும்தான் கேப்பாங்க. "என்னுது"ன்னு அடிச்சுக்குவோம்.

அன்னிக்கும் அம்மாதான் வந்து தட்டைப் பார்த்தாங்க. "ஆமை யாருது?"ன்னு கேட்டாங்க. குட்டிக்கு ரோஷம் வந்துடுச்சு. "ஆமை இல்ல பாட்டி, அது ஆட்டோ! என்னுது!" அம்மா ஒரு சக்கரத்தைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீடியோவை யாரும் தேடல.

அடுத்த வாரம் பஸ் செய்யணுமாம். ஆறு சக்கரம் வேணும், திராட்சை வாங்கி வைன்னு உத்தரவு. உங்க வீட்டு டப்பாவுல என்ன இருக்குன்னு பாருங்க மக்கா. கடலை மாவும் நெய்யும் இருந்தா போதும், மிச்சத்தைக் குட்டிப்பசங்க பார்த்துக்குவாங்க.

பி.கு: கொண்டை வச்ச பாட்டி பிஸ்கட்டை அம்மா சாப்பிட விடல. ஃப்ரிட்ஜ் மேல டப்பாவுல பத்திரமா இருக்கு. எறும்பு வராத வரைக்கும் :-)