கழுத்தில் 200 கிராம்

முயலை விரட்டும் பீகிள் நாய் எங்கே போகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காதால்தான் அறிந்தார்கள். மோப்பம் பிடிபட்டதும் அது விடாமல் குரல் கொடுக்கும். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் உள்ள காட்டன்டெயில் முயலுக்கு ஒரு பழக்கம் உண்டு. துரத்தினால் வெகுதூரம் ஓடாது; வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். அதனால் வேட்டைக்காரர் நின்ற இடத்தில் நிற்பார், குரல் தேய்ந்து மறுபடி நெருங்கி வரும். சிக்கல் எப்போது என்றால், அதே நாய் வழியில் மான் வாடையில் ஏறிவிடும்போது. மான் வட்டமடிக்காது. நேர்கோட்டில் மலை தாண்டும், நெடுஞ்சாலை தாண்டும். பத்துக் கிலோ எடையுள்ள நாய் அதன் பின்னாலேயே போய்விடும்.

இங்கே பென்சில்வேனியாவில் பக்கத்துப் பண்ணைக்காரரின் பீகிள்களோடு நான் நடக்கப் போவதுண்டு. துப்பாக்கி எடுப்பதில்லை, நாய்களுக்காகத்தான் போகிறேன். இரவெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டோரம் அலைந்த கதை இங்குள்ள பழைய ஆட்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை அந்த அலைச்சலைப் பெருமளவு ஒழித்துவிட்டது. அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் சிறிய நாயின் கழுத்தில் அதை மாட்டுகிறவர்கள் வரைபடத்தைப் பார்க்கும் அளவுக்குக் கழுத்தைப் பார்ப்பதில்லை.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது; நூறு மீட்டர் வரை இடம் தப்பும். அது நீங்கிய பிறகுதான் புதருக்குள் இருக்கும் நாயைக் கண்டுபிடிக்க இந்த நுட்பம் உதவும் என்றானது. வேட்டை நாய்களுக்கான பட்டை செயற்கைக்கோள்களிடமிருந்து தன் இடத்தைக் கணித்து, வானொலி அலையில் வேட்டைக்காரரின் கைக்கருவிக்கு அனுப்புகிறது. செல்போன் கோபுரம் தேவையில்லை. வீட்டு நாய்களுக்கு விற்கும் சிம் கார்டு வகை இதைவிட மிக இலகுவானது, ஆனால் கோபுரமில்லாத பள்ளத்தாக்கில் அது ஊமை. ஆகவே காட்டுக்குப் போகும் நாய் கனமான வகையைத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு கனம்? சிறிய நாய்களுக்கென்றே விற்பவைகூட 200 கிராமை ஒட்டி வருகின்றன. ஒன்பது கிலோ பீகிளுக்கு அது உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். ஐந்து கிலோகூட இல்லாத சின்ன டாக்ஸ்ஹண்டுக்கு நான்கு சதவீதத்தைத் தாண்டிவிடும். அறுபது கிலோ ஆள் இரண்டரைக் கிலோ இரும்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முள்காட்டில் நாள் முழுக்க ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

காட்டு விலங்கு ஆய்வாளர்கள் பாலூட்டிகளுக்குப் பட்டை மாட்டும்போது ஐந்து சதவீதம், மூன்று சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வார்கள். ஸ்வான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு அந்த வரம்பையே கேள்விக்கு உள்ளாக்கியது. விலங்கு நிற்கும்போது உள்ள எடையை வைத்துக் கணக்குப் போட்டால் போதாது. ஓடும்போது பட்டை குலுங்கிக் கழுத்தில் இடிக்கும் விசை வேறு. மூன்று சதவீத எடையுள்ள பட்டை, விலங்கையும் அதன் வேகத்தையும் பொறுத்து, உடல் எடையில் 4 முதல் 19 சதவீதம் வரை கனப்பதுபோல் அழுத்தும் என்று அவர்கள் கணித்தார்கள். வேட்டை நாயின் வேலையே ஓட்டம்தான். முதுகெலும்பு வட்டு பிதுங்கும் நோய்க்குப் பேர்போன டாக்ஸ்ஹண்ட் இனத்தில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எடை குறைந்த பட்டை கிடைக்காவிட்டால் செய்யக்கூடியது, குலுங்காமல் பொருத்துவது. தளர்வாக விட்டால் நாய்க்குச் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்த பட்டை ஒவ்வொரு அடிக்கும் தொண்டையில் இடிக்கும், முடியைத் தேய்க்கும். கீழ்த்தாடையோ முன்னங்காலோ உள்ளே மாட்டிக்கொள்ளவும் வழி செய்யும். சுற்றிக்கொள்வது இன்னொரு கேடு. ஜிபிஎஸ் ஆன்டெனா பிடரி மேல் வானம் பார்த்திருக்க வேண்டும். கனமான பெட்டி தொண்டைக்குக் கீழே தொங்கி அதை நிலைநிறுத்துகிறது. பட்டை புரண்டுவிட்டால் ஆன்டெனா மண்ணைப் பார்க்கும், இடம் தப்பும். இரண்டு விரல் நுழையலாம் என்ற கணக்கு பெரிய நாய்க்குச் சரி. சின்னக் கழுத்துக்கு ஒரு விரலே போதும்.

அளவு பார்க்கும்போது நாயை நிற்கவைத்து ஒரு தடவை, தரையை மோந்துபார்க்க விட்டு ஒரு தடவை பாருங்கள். மோப்ப நாய் வேலை நேரத்தில் பெரும்பகுதி தலையைத் தாழ்த்தியேதான் இருக்கும். அப்போது பட்டை காதை நோக்கிச் சறுக்கும். பீகிள், டாக்ஸ்ஹண்ட் இரண்டுக்கும் தொங்கு காது. பெட்டியின் விளிம்பு அந்த மெல்லிய மடலில் உரசிப் புண்ணாக்கிவிடும். பருவம் போகப்போக நாய் இளைக்கும் என்பதால் அக்டோபரில் போட்ட துளை ஜனவரியில் பொருந்தாது. நைலான் வார் தண்ணீரை உறிஞ்சி ஈரத்தோடு தோலில் ஒட்டிக் கிடக்கும், பிளாஸ்டிக் பூச்சுள்ள வார் மேல். எதுவானாலும் வேட்டை முடிந்ததும் கழற்றி, கழுத்து முடியை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். புல்லின் கூர்விதைகள் வாருக்கு அடியில் ஒளிந்துகொண்டு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அரை மீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வானொலிக் கம்பியைச் சிறிய நாய்க்கு இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். அமெரிக்காவில் இந்தப் பட்டைகளுக்கான 150 மெகாஹெர்ட்ஸ் சார்ந்த அலையின் கால்பங்கு நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். குறைத்தால் எட்டும் தூரமும் குறையும். நாய் குள்ளம் என்பதால் அலை ஏற்கெனவே தரையோடு தரையாகத்தான் கிளம்புகிறது.

இடம் காட்டுவதோடு மின்னதிர்ச்சி கொடுக்கும் வசதியையும் சேர்த்து விற்கிறார்கள். அதன் இரண்டு உலோக முனைகள் தோலில் அழுந்தியே இருந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இருந்தால் அந்த இடத்தில் தோல் செத்துப் புண்ணாகும். வேல்ஸில் 2010 முதல் மின்னதிர்ச்சிப் பட்டைக்கே தடை. இவ்வளவு சிறிய உயிருக்கு இடம் மட்டும் காட்டும் வகையை வாங்குங்கள் என்பதே என் கருத்து. கூட்டு வகைதான் கையில் இருக்கிறதென்றால், திருகிக் கழற்றக்கூடிய முனைகளைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

சாலைக்கு அருகில் இருக்கும்போது இருப்பிடத்தை அனுப்பும் இடைவெளியைச் சில வினாடிகளுக்குக் குறைத்து வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று விட்டால் பேட்டரி நீடிக்கும்தான், ஆனால் திரையில் புள்ளி நகர்வதற்குள் நாய் சாலையின் நடுவில் இருக்கும்.

ஐரோப்பாவில் நரி, பேட்ஜர் வளைக்குள் இறக்கும் டெரியர், டாக்ஸ்ஹண்ட் நாய்களுக்கு இந்தப் பட்டையைப் போட்டு அனுப்புவது ஆபத்து. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை மண்ணுக்குள் இறங்காது. அங்கே உதவுவது காந்தப்புலம் பரப்பும் சின்னஞ்சிறு கருவி. மேலே நிற்பவர் அதை வைத்து ஆழத்தைக் கணித்துத் தோண்டுவார். ஜிபிஎஸ் பெட்டியோ வேரிடுக்கில் சிக்கிக்கொள்ளும், நாயால் பின்னால் வரவும் முடியாது.

விளம்பரங்களில் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும், எடை விவரப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டும். எத்தனை கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு இது ஆகாது என்பதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிடட்டும். அதுவரை, பட்டை வாங்கியதும் வாரோடும் பேட்டரியோடும் சமையலறைத் தராசில் வையுங்கள். நாயையும் எடை போடுங்கள். மூன்று சதவீதத்துக்கு மேல் போனால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.