யானைத்தீயும் ஒரு மரபணுவும்

மணிமேகலையில் காயசண்டிகை, எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் வாடுகிறாள். அது முனிவரின் சாபம் என்கிறது காப்பியம்.

1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவில் சுரந்து, மூளைக்குச் சென்று 'போதும்' என்று உரைப்பது லெப்டின். பிரிட்டனில் இம்மரபணு பழுதுற்றுப் பிறந்த இரு குழந்தைகளின் ஓயாப் பசியை ஆய்வாளர்கள் 1997இல் பதிவுசெய்தனர். பின்னர் லெப்டின் ஊசி அப்பசியைத் தணித்தது.

இப்பிறவிக் குறை மிக அரிது. பருத்தோர் பலரிடம் லெப்டின் மிகுந்தே இருக்கிறது, மூளைதான் செவிசாய்ப்பதில்லை. கொழுப்பு மிகுந்த உணவு அச்செவியை மந்தமாக்குவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, பருத்தவரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' எனப் பழிப்பது அறியாமை என்பேன். காயசண்டிகைக்கு மணிமேகலை அறிவுரை கூறவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறிட்டாள்.